கடைசிப் பாத்திக்கும் தண்ணீர்

தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். இயந்திரம் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் போகிறது என்பதற்காக எல்லாப் பாத்தியும் நனைந்துவிட்டதாக எண்ண முடியாது. மண்வெட்டியுடன் ஒருவர் நடந்து, கடைசிப் பாத்திவரை பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மண்டபத்தில் மாலை நேரக் கராத்தே வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நாற்பது பேர், ஆசிரியர் ஒருவர். அவர் எண்ணிக்கை சொல்ல எல்லாக் கைகளும் ஒன்றாக நீள்கின்றன. வாசலில் நிற்கும் தாய்க்குப் பெருமைதான். ஆனால் பின்வரிசையில், முழங்கால் உட்பக்கமாகச் சரிய நிற்கும் பிள்ளையை யார் பார்த்தார்?

ஊரைவிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல. வாடகை அறைக்கு முற்றமில்லை. பாடசாலையும் புதிது. கிழமையில் இரண்டு நாள் கைகாலை நீட்டி ஆடும் அந்த இடத்திலும் தன்னை ஒருவரும் பெயர் சொல்லி அழைக்காவிட்டால், பிள்ளை ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடும். கட்டிய காசும் போய்விடும். "என்னால் ஏலாது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

வகுப்பு பெரிதான கதை

ஆதியில் கராத்தே கூட்டமாகக் கற்பிக்கப்பட்ட கலையல்ல. ஒக்கினாவாத் தீவில் ஆசான் ஒருவர் ஒரு சில சீடருக்கே அதை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார். எமது சிலம்படியும் ஆசானின் கண்முன்னே, கம்புக்குக் கம்பு பழகப்பட்டதுதான். 1901 இல் அங்கோ இதொசு என்பவர் கராத்தேயை ஒக்கினாவாவின் ஆரம்பப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். சிறுவர் பழகுவதற்கென 'பினான்' என்னும் ஐந்து பயிற்சித் தொடர்களை அமைத்தார். அவரது மாணவரும் பாடசாலை ஆசிரியருமான கிச்சின் ஃபுனாகோஷி 1922 இல் அக்கலையை ரோக்கியோவில் செய்துகாட்டினார். பலர் கற்க வழி பிறந்தது. ஆனால் ஆசானின் கண் தூரமாகியது.

சட்டாம்பிள்ளை

இதற்கு ஒரு வழி எமது திண்ணைப் பள்ளியிலேயே இருந்தது. மூத்த மாணவன் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பான், அவனே சட்டாம்பிள்ளை. 1789 முதல் சென்னையில் படைவீரரின் அநாதைச் சிறுவருக்கான பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற குருவானவர், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக்கொண்டே சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797 இல் இதுபற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 'மதராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் பரவியது.

கராத்தே வகுப்பிலும் மூத்த பட்டிக்காரர் ஒருவரிடம் ஐந்தாறு பிள்ளைகளை ஒப்படைக்கலாம். ஆனால் சட்டாம்பிள்ளையின் பிரம்பை மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

* பின்பக்கம் நடந்துபோய், "திரும்புங்கள்" என்று சொல்லலாம். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும்.

* இடாப்பில் நாளுக்குப் பத்துப் பெயரைக் குறித்து, அந்தப் பத்துப் பேரைக் கூர்ந்து கவனிக்கலாம். கிழமைக்கு இரண்டு வகுப்பானால், நாற்பது பேரையும் இரண்டு கிழமையில் பார்த்து முடிக்கலாம்.

* ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு பிழையை மட்டும் திருத்தினால் போதும். முதலில் பாதமும் முழங்காலும். முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே மடிய வேண்டும். உள்ளே சரிந்தால் மூட்டு நோகும். கையைப் பிறகு பார்க்கலாம்.

* குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை, எல்லோரும் ஒன்றாகக் கத்தும்போது திடுக்கிடக்கூடும். அதைக் கோழை என்று சொல்லாமல், தோழன் ஒருவனுடன் ஓரத்தில் நிற்க விடவேண்டும்.

* தொட்டுத் திருத்துமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டும். பெற்றோர் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு

"எப்போது கறுப்புப் பட்டி கிடைக்கும்?" என்பதே எம்மில் பலர் கேட்கும் முதற் கேள்வி. அதைவிட, "என் பிள்ளைக்கு இந்த மாதம் எதைத் திருத்தினீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். பிள்ளையிடமும், "இன்று ஆசிரியர் உன் பெயரைச் சொன்னாரா?" என்று விசாரியுங்கள். தொடர்ந்து இல்லையென்றால் ஆசிரியரோடு பேசுங்கள். தண்ணீர் எட்டாத பாத்தியைக் கண்டால் வாய்க்காலைத் திருப்பிவிடத் தெரிந்தவர்கள் நீங்கள்.