காரைக் கழுவ எத்தனை நேரம்?

சொந்தக் காரைத் தம் கையாலேயே கழுவுவதென்று தீர்மானித்தவர்கள் அதற்கு எத்தனை நேரம் செலவிடலாம்? தில்லியில் வாழும் நம்மவரிடையே இதற்கு இருவகை விடை வழங்கி வருகிறது. ஒரு சாரார் பத்து நிமிடம் போதும் என்பர். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவே. மற்றொரு சாரார் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கென்றே நேர்ந்து விடுவர். முன்னவர் வண்டியின் வண்ணத்தைக் கெடுக்கின்றனர்; பின்னவரோ தண்ணீரையும், வீட்டாருக்கென்று வாரத்தில் கிடைக்கும் ஒரே பகலையும் வீணாக்குகின்றனர். வாரத்திற்கு ஒரு மணி நேரம், மூன்று மாதத்திற்கு ஒருமுறை இன்னும் இரண்டு மணி நேரம் என்பதே நம் கணக்கு.

பத்து நிமிடம் ஏன் போதாது என்பதற்கு வட இந்தியப் புழுதியே விடை. மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' எனும் புழுதிப் புயல் வீசி ஓய்ந்தபின் வண்டியின்மேல் படிந்திருப்பது வெறும் தூசியன்று. அதில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவையில் 7. இன்றைய கார்களின் வண்ணத்திற்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பட்டறைக்காரர்கள் அதனைக் கிளியர் கோட் என்பர். அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. மணல் படிந்த அப்பூச்சின்மேல் துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதை ஒக்கும். காலை வெயிலில் பானெட்டைச் சாய்வாக நோக்கினால் சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்கள் தென்படுமே, அவை இவ்வாறு வந்தவையே.

விடியற்காலையில் ஒரு வாளியும் ஒரு பழந்துணியுமாக வந்து பத்துப் பன்னிரண்டு வண்டிகளைத் துடைத்துச் செல்லும் தொழிலாளரை இதற்காகக் குறை கூறுவோர் உண்டு. மாதத்திற்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, வண்டிக்கொரு வாளி நல்ல நீரும் புதுத் துணியும் எதிர்பார்ப்பது நியாயமாகுமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, முதல் பத்து நிமிடம் துணியைத் தொடாதிருப்பதே சிறந்த தொடக்கம். குவளையால் நீரை மேலிருந்து கீழாக ஊற்றிப் புழுதியைத் தானே வழிந்தோட விடவேண்டும். பின்னர் இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி, சக்கரங்களுக்கு வேறு துணி கொள்ள வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவது போலவே நாம் பூசிய மெழுகையும் போக்கிவிடும், அது வேண்டாம். இவ்வேலைக்கு இருபது நிமிடம் தாராளம்.

துவட்டுதலில்தான் பலர் அவசரப்படுகின்றனர். ஆழ்குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வெயிலில் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்து, நாளடைவில் எளிதில் போகாத கறையாகிவிடும். எனவே நிழலில் கழுவி, இழைநயமுள்ள மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் எண்ணிப் பார்த்தல் தகும். திறந்துவிட்ட ரப்பர்க் குழாயில் நிமிடத்திற்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் பாயும். இருபது நிமிடத்தில் இருநூறு லிட்டர் தெருவோடு போய்விடும். வாளி முறைக்கு ஐம்பது லிட்டர் போதும். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் தில்லியில் குழாய் வைத்துக் கழுவுவோருக்கு 2,000 ரூபாய். அபராதம் இருக்கட்டும், அடுத்த தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கையில் நம் வாயிலில் நீர் வழிந்தோடுவது அழகன்று.

இனி, பாலிஷ். இங்கே ஒரு பழைய பழக்கம் நம்மை வழிதவறச் செய்கிறது. பழைய அம்பாஸடர் வண்டிகளின் எனாமல் வண்ணத்திற்கு மேலே நிறமற்ற பூச்சு கிடையாது. வெயிலில் மங்கிச் சுண்ணாம்பு போலாகும் மேற்பரப்பைத் தேய்த்து நீக்கினால் அடியிலுள்ள வண்ணம் மீண்டும் ஒளிவிடும். அடிக்கடி பாலிஷ் போடும் வழக்கம் அக்காலத்திற்குப் பொருந்திற்று. அந்த வண்டியின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்றைய வண்டியில் பாலிஷ் தேய்க்குந்தோறும் அந்த மெல்லிய பூச்சு சிறிது தேய்கிறது. முற்றும் தேய்ந்துபோனால் மறுபடி வண்ணம் அடிப்பதன்றி வேறு வழியில்லை. மெழுகு அவ்வாறன்று. அது எதையும் சுரண்டுவதில்லை, மேலே போர்வையாக நிற்கிறது. கடைக்காரர் இரண்டையும் பாலிஷ் என்றே கூறுவராதலால் கேட்டுத் தெளிந்து வாங்குதல் நலம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை நாம் ஒதுக்கிய இரண்டு மணி நேரம் மெழுகுக்கே உரியது.

ஞாயிறு வரை காத்திருக்கலாகாதவையும் உண்டு. பறவை எச்சத்திலுள்ள அமிலம் கோடை வெயிலில் சில மணி நேரத்திலேயே பூச்சை அரிக்கவல்லது. புது தில்லிச் சாலைகளில் நாவல் மரங்கள் மிகுதி. ஆனி, ஆடியில் அவற்றின் கீழே வண்டி நிறுத்துவோர் மாலையிலேயே கறையை நனைத்துத் துடைத்துவிட வேண்டும்.

நேரம் மிகக் குறைவாயின் எதைச் செய்வது? நாம் தயங்காது சொல்வோம்: கண்ணாடியை. முன் கண்ணாடியின் உட்புறத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிசுக்குப் படலம் ஒன்று சேர்கிறது. இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளியை அது சிதறடிக்கிறது; மார்கழிப் பனிமூட்டத்தில் கண்ணாடி விரைவில் மங்கிப்போக அதுவும் ஒரு காரணம். பானெட் பளபளப்பதைக் காட்டிலும் எதிரே நடந்து வருபவர் நம் கண்ணுக்குத் தெரிவது முக்கியம். கண்ணாடிகளுக்கும் விளக்குகளுக்கும் பத்து நிமிடம் கொடுத்துவிட்டால் உள்ளே மிதியடிகளை உதறுவதற்கும் இருக்கைகளைத் துடைப்பதற்கும் எஞ்சிய நேரம் போதுமானது. பளபளப்புத் திரவங்களை ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் மட்டும் பூசலாகாது. கையும் காலும் வழுக்கும்.

கழுவி முடித்த வண்டியை உடனே உறை போட்டு மூடிவிடாமல், தெருவை ஒருமுறை மெதுவாகச் சுற்றி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்து வருதல் நன்று. சக்கரத் தட்டுகளில் தங்கிய ஈரம் உலர்ந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தையும் ஒரு மணி நேரக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.