பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி



நமது பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி நடத்தப் பெரிய செலவு வேண்டாம். பார்ப்பவரிடம் காசும் வாங்க வேண்டாம். ஆனால் நாள் பார்த்து வைக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால் தாய்மாருக்கு அன்றைய பேர் போய்விடும். வேலையில்லாத ஞாயிறே நல்லது.

என்ன காட்டலாம்? பிள்ளைகள் 100 கிராம் பச்சைக் கொழுந்தை நிறுத்து, மொறுமொறுவென்று காயவைத்து மறுபடி நிறுக்கட்டும். ஏறக்குறைய 25 கிராம்தான் மிஞ்சும். மற்றதெல்லாம் தண்ணீர். ஸ்டோரில் 1 கிலோ தேயிலைக்கு 4 கிலோவுக்கு மேல் கொழுந்து போவது இதனால்தான். கசக்கிய கொழுந்து செம்பு நிறமாவது, காற்றிலுள்ள ஒட்சிசன் அதோடு சேர்வதால்.

அதே கொழுந்தை மழையில் நனைத்தும் நிறுத்துப் பாருங்கள். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது நியாயம் என்று பிள்ளைகளே கணக்குச் சொல்வார்கள். மடுவத்தில் நிற்கும் நமக்கு இது தேவையான கணக்கு.

"நமக்கு எங்க இதெல்லாம் வெளங்கும்?" என்று ஒதுங்காதீர்கள். கொழுந்தை உங்களைவிட அறிந்தவர் யார்? பிள்ளையிடம் "ஏன்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டு வந்து சொல்லட்டும். அப்படித்தான் படிப்பு வளரும்.