சுவரைக் குத்தினால் உடைவது கை

கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சிப்காட்டில் ஷிப்டு முடித்து வீட்டுக்கு வருகிறீர்கள். சீட்டுப் பணமோ, குடியோ, ஊரிலிருந்து வந்த போனோ, ஏதோ ஒன்றில் பேச்சு முற்றுகிறது. ஓங்கிச் சுவரில் ஒரு குத்து. "அவளை அடிக்கக் கூடாதுன்னுதான் சுவத்தைக் குத்தினேன்" என்று பிற்பாடு சொல்வீர்கள்.

உள்ளங்கையில் விரலுக்கு ஒன்றாக ஐந்து நீள எலும்புகள் உள்ளன. ஆட்காட்டி விரல், நடுவிரல் எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பிணைந்தவை. சுண்டுவிரலுக்கு உரியது மெலிந்தது, அசைந்து கொடுப்பது. கோபத்தில் வீசிய கை ஓரமாய்ப் போய் விழும்போது அடியை வாங்குவது அதுதான். முட்டிக்குச் சற்றுக் கீழே முறிந்து, உள்ளங்கைப் பக்கம் மடங்கிவிடும். இதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று பெயர். ஆனால் பழகிய குத்துச்சண்டைக்காரருக்கு இது குறைவு. அவர் நடுவிரல் முட்டியால் நேராகக் குத்தக் கற்றவர்.

கை வீங்கும், முட்டி பள்ளமாகத் தெரியும். விரல்களை மடக்கிப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். கையை உயர்த்தி வைத்து, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுங்கள். எதிராளியின் பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அந்தச் சிறு காயத்தின் வழியே கிருமி மூட்டுக்குள் புகுந்துவிடும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பி, வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். கூட வந்த மனைவி மெதுவாக, "போன வருசமும் இதே கைதான் சார்" என்றார்.

மறுபடி உடைவதுதான் பெரிய தொல்லை. கட்டு மூன்று, நான்கு வாரத்தில் பிரிக்கப்படும். வலி போயிற்றே என்று மறுநாளே ஸ்பேனர் பிடிப்பவரும், குவாரியில் சம்மட்டி தூக்குபவரும் உண்டு. புது எலும்பு பலப்பட மேலும் பல வாரங்கள் ஆகும். ஏற்கனவே வளைந்து கூடிய எலும்பு மீண்டும் முறிந்தால் நேராக்குவது கடினம். கம்பியோ தகடோ வைக்க நேரலாம். பிடிமானத்தின் பலத்தில் கணிசமான பங்கு சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கத்தில் இருக்கிறது. அது குறைந்தால் மண்வெட்டியும் நிற்காது, சுத்தியலும் நிற்காது. சம்பளம் போகுமே என்று அவசரப்படாதீர்கள். தகுதியுள்ள ஈ.எஸ்.ஐ. தொழிலாளருக்கு, டாக்டர் சான்று தரும் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும்.

டாக்டர் கட்டும் கட்டு கோபத்துக்கு ஆகாது. பேச்சு ஏறும்போதே வாசலுக்கு வந்து தெருமுனை வரை நடந்து திரும்புங்கள். குடித்திருக்கும்போது பணப் பேச்சு எடுக்கவே வேண்டாம்.

அம்மா, உங்களுக்கும் ஒன்று. சுவரில்தானே குத்தினார், என் மேல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். அவர் கோபத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. பயமாயிருந்தால் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு இரவிலும் பேசலாம், காசு கிடையாது.