சுற்றுகளைக் கூட்டினால் வலிமை கூடுமா?

"கம்பிச்சுருளின் சுற்றுகளைக் கூட்டினால் மோட்டாரின் வலிமை கூடும்." ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டார் பாடம் நடத்தும்போது பல ஆண்டுகளாக இப்படித்தான் கரும்பலகையில் எழுதி வந்தேன். அதில் பாதி விடுபட்டிருப்பதை எங்கள் அறிவியல் மன்றத்தின் சண்டை ரோபோ எனக்குப் புரியவைத்தது.

மோதியும் தள்ளியும் வெல்லும் சிறு ரோபோக்களுக்கு அமெரிக்கப் போட்டிகளில் எடைப் பிரிவுகள் உண்டு. அவற்றுள் 'பீட்டில்வெயிட்' என்பது 3 பவுண்டு, அதாவது சுமார் 1.36 கிலோ. அந்த எடைக்குள், ஆயுதம் இல்லாமல் தள்ள மட்டும் செய்யும் ரோபோவை உருவாக்க முயன்றோம். மோதலில் பற்சக்கரங்கள் எளிதில் உடைந்துவிடும் என்பதால், சக்கரத்துக்குள்ளேயே அமையும் ஹப் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தோம்.

இதை விளக்க வகுப்பறையின் மின்விசிறியே போதும். நடுவில் சுருள்கள் அசையாமல் இருக்க, வெளிக்கூடு சுழல்கிறது. ஹப் மோட்டாரில் அந்த வெளி வளையத்தின் உட்புறம் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும், வெளிப்புறம் டயர்.

பொம்மை விமான மோட்டார் ஒன்றைச் சக்கரமாக்கினோம். அது 1 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 முறை சுழலும். 11.1 வோல்ட் மின்கலத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நொடிக்கு 29 மீட்டர் ஓட வேண்டும்! எங்களுக்குத் தேவையோ 4 மீட்டர்தான். பெட்டியைத் தள்ளவிட்டதும் மோட்டார் நின்றது. வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. சுழலாத மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை இல்லை. கம்பியின் சிறிய மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

"சுற்றுகளை இரட்டிப்பாக்குங்கள்" என்றேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் கணக்குப் போட்டாள். கம்பி சுற்றும் இடம் மாறாது. எனவே கம்பியின் நீளம் இரு மடங்கு, குறுக்குப் பரப்பு பாதி. மின்தடை 4 மடங்கு. அதே திருப்புவிசைக்குப் பாதி மின்னோட்டம் போதும். அதன் வர்க்கம் கால் பங்கு. "அப்படியானால் வெப்பம் மாறவே இல்லையே, சார்?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. சுற்றுகளைக் கூட்டுவது மிதிவண்டியில் கியர் மாற்றுவது போன்றது. ஒரு வோல்ட்டுக்கான வேகம் குறையும், ஒரு ஆம்பியருக்கான திருப்புவிசை கூடும். ஆனால் வெப்பம் கூடாமல் திருப்புவிசை மட்டும் கூட வேண்டுமென்றால் வலிமையான காந்தம், காந்தத்துக்கும் இரும்பு உள்ளகத்துக்கும் குறைந்த இடைவெளி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய விட்டம் வேண்டும். விட்டம் பெருகினால் செம்புக்கு இடம் கூடுகிறது. விசையும் மையத்திலிருந்து தள்ளிச் செயல்படுகிறது. ஹப் மோட்டார்கள் அகன்று தட்டையாக இருப்பதன் காரணம் இதுவே.

பெரிய உள்ளகத்தில் மெல்லிய கம்பியை அதிகச் சுற்றுகளாகச் சுற்றினோம். வேகம் குறைந்தது, பெட்டி நகர்ந்தது.

இப்போது கரும்பலகையில், "மின்னோட்டம் மாறாதபோது" என்ற இரு சொற்களைச் சேர்த்தே அந்த வரியை எழுதுகிறேன். மின்னோட்டம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதி நடத்தும்போது கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுப் பாடங்கள் ஒரே கணக்கில் இணையும்.