கேட்டால்தான் கிடைக்கும் வரிக் கழிவுகள்

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் பணிமாற்றம் பெற்று வரும்போது, பள்ளிச் சேர்க்கை, எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கில் முகவரி மாற்றம் என அனைத்தையும் மறவாமல் முடித்துவிடுகிறோம். ஊர் மாறியதால் வருமான வரிக் கணக்கில் நேரும் மாற்றத்தை மட்டும் கவனிக்கத் தவறிவிடுகிறோம். சட்டம் தரும் வரிக் கழிவுகள் தாமாக நம்மைத் தேடி வருவதில்லை. கோருவோருக்கே அவை கிட்டும். 2025-26 நிதியாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்யுமுன், நாம் நழுவவிடக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம்.

எந்த வரி முறை?

நாம் தேர்ந்தெடுத்துச் சொல்லாவிட்டால் புதிய வரி முறையே பொருந்தும். அதில் ஊதியத்துக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் நமக்காகச் செலுத்தும் தொகைக்கும் வரம்புக்குட்பட்ட கழிவு உண்டு. குடும்ப ஓய்வூதியம் பெறுவோர், அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளலாம். இனி நாம் காணவிருப்பவை பழைய வரி முறைக்கு உரியவை. ஆகவே, இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவெடுத்தல் நன்று.

வாடகையும் ஊரும்

வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு மூன்று தொகைகளுள் மிகக் குறைந்ததாகும்: பெற்ற படி, ஊதியத்தில் குறிப்பிட்ட விழுக்காடு, செலுத்திய வாடகையில் ஊதியத்தின் 10 விழுக்காட்டைக் கழித்த மீதி. ஊதியம் என்பது இங்கே அடிப்படை ஊதியத்தையும், ஓய்வூதியப் பயனுக்குக் கணக்கில் சேரும் அகவிலைப்படியையும் குறிக்கும். இந்த நிதியாண்டுக்கு அவ்விழுக்காடு சென்னையில் 50, ஹைதராபாத்தில் 40.

ஒருவரின் ஊதியம் மாதம் 50,000 ரூபாய், படி 25,000, வாடகை 28,000 எனக் கொள்வோம். ஆண்டு முழுவதும் சென்னையில் வசித்திருந்தால் அவருக்கு 2,76,000 ரூபாய் விலக்கு கிடைக்கும். ஹைதராபாத்தில் அது 2,40,000 ரூபாயாகக் குறையும். ஆண்டின் இடையே குடிபெயர்ந்தவர்கள் இரு ஊர்களுக்கும் உரிய மாதங்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

அலுவலகத்தில் வாடகை ரசீது தரத் தவறியவர்கள் வருந்த வேண்டியதில்லை. கணக்குத் தாக்கலின்போதும் இவ்விலக்கைக் கோரலாம். சொந்த ஊரில் வீட்டுக் கடன் வட்டி செலுத்திக்கொண்டு, இங்கே வாடகை வீட்டில் வசிப்போர் இரண்டுக்கும் உரிய பயனைப் பெறலாம். வாடகைப் படியே இல்லாதவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80ஜிஜி பிரிவின்கீழ் மாதம் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

பெற்றோரின் மருத்துவச் செலவு

மருத்துவக் காப்பீட்டு முனைமத்துக்கு வரிக் கழிவு உண்டென்பதைப் பலரும் அறிவர். காப்பீடே இல்லாத, 60 வயது நிறைந்த பெற்றோருக்காக நாம் செய்யும் மருத்துவச் செலவுக்கும் 80டி பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டென்பதே மறக்கப்படுகிறது. அவர்கள் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதோ, நம்முடன் வசிக்க வேண்டும் என்பதோ இதற்கு நிபந்தனையன்று. 30 விழுக்காட்டு வரி வரம்பில் உள்ளவருக்கு இந்த ஒரு கழிவு, மேல்வரியும் சேர்த்து, 15,600 ரூபாயை மிச்சப்படுத்தும். ஆனால் தொகையை ரொக்கமாகச் செலுத்தியிருத்தல் கூடாது. நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கான 5,000 ரூபாய்க்கு மட்டும் ரொக்கம் ஏற்கப்படும். அதுவும் மொத்த வரம்புக்குள்ளேயே அடங்கும்.

சிறிய தொகைகள்

தெலங்கானாவில் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோரிடம் தொழில் வரியாக மாதம் 200 ரூபாய் பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 2,400 ரூபாயான அதனை ஊதியத்திலிருந்து கழிக்கலாம். சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மூத்த குடிமக்களுக்கு, நிலையான வைப்பின் வட்டியும் சேர்த்து, 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. கல்விக் கடனின் அசலுக்குக் கழிவு இல்லை. வட்டிக்கு 80இ பிரிவின்கீழ், செலுத்தத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகள் வரை, உச்சவரம்பின்றிக் கழிவு உண்டு.

கெடு தவறினால்

தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தமது வரி முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆயினும், பழைய முறையைத் தேர்வதாயின் உரிய கெடுவுக்குள் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஊதியம் பெறுவோருக்கு அது வழக்கமாக ஜூலை 31. அந்நாள் கடந்தால் புதிய முறையே பொருந்தும்; பெற்றோருக்காகச் செலவிட்டதும் வாடகை தந்ததும் உண்மையாயினும் அவற்றுக்குரிய கழிவு கைநழுவிப் போகும்.

எனவே படிவம் 16, வங்கி வட்டிச் சான்றிதழ், கடன் வட்டிச் சான்றிதழ், வாடகை மற்றும் மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வைப்போம். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் கேட்டுப் பெறுவோம். ஐயம் எழுமாயின் பட்டயக் கணக்காளரின் ஆலோசனையைக் கெடுவுக்கு முன்பே நாடுவது நலம். செலுத்த வேண்டிய வரியைச் செலுத்துவது நம் கடமை. சட்டம் அளித்த கழிவைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.