சந்தனத்துக்கு அண்டைவீடு வேண்டும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பேருந்து சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மேலேறி மறையூரை நெருங்கும்போது, சாலையோரம் கம்பிவேலி தொடங்கிவிடும். உள்ளே நிற்பவை எடுப்பான மரங்கள் அல்ல. நடுத்தர உயரம், கருத்த பட்டை, சற்றே தொங்கும் கிளைகள். கிட்டப்போய் முகர்ந்தாலும் வாசம் வராது. கேரளத்தில் இயற்கையாக வளர்ந்த பெரிய சந்தனக்காடு இடுக்கி மாவட்டத்தின் இந்த மழைமறைவுச் சரிவில்தான் இருக்கிறது.

மணமெல்லாம் வைரத்தில். பட்டையிலும் வெளிப்புற வெள்ளைக்கட்டையிலும் ஒன்றுமில்லை. பல ஆண்டு வளர்ந்த பிறகே நடுக்கட்டை நிறம் மாறி, சாண்டலால் என்னும் எண்ணெய்ப்பொருள் அதில் ஊறத் தொடங்கும். எண்ணெய் மிகுதியாக இருப்பது வேரில். அதனால் சந்தனத்தை அடியில் அறுத்து எடுப்பது வழக்கமில்லை, தூரோடு தோண்டுவார்கள்.

அந்த வேருக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருப்பதால் தன் சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீருக்கும் தாது உப்புகளுக்கும் அண்டைவீட்டை நம்பும். மண்ணுக்குள் இதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டால், தொட்ட இடத்தில் குமிழ்போல ஓர் உறுப்பு தடிக்கும். அது அட்டைபோல் கவ்வி, மேல்தோலைத் துளைத்து, நீர் ஓடும் குழாய்வரை போய்விடும். இப்படி இது பற்றிக்கொள்ளக்கூடிய தாவர இனங்கள் 300க்கும் மேல். நாற்றங்காலில் சந்தனக்கன்று இருக்கும் பையிலேயே பொன்னாங்கண்ணியையும் நட்டுவைப்பது இதற்காகத்தான். கீரைக்கு அங்கே செவிலித்தாய் வேலை.

பாலக்காட்டுப் பக்கம் பரம்பிக்குளத்தில் நிற்கும் தேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்குள்ள கன்னிமாரா தேக்கு சுமார் 48 மீட்டர் உயரம். தேக்கை மட்டுமே வரிசையாக நட்டாலும் வளரும் என்பதால், அந்த மலைகளில் பழைய காட்டை அழித்துவிட்டுப் பல ஆயிரம் ஹெக்டேரில் தேக்குத்தோட்டம் போட முடிந்தது. சந்தனத்தை அப்படி வளர்க்க முடியாது. விலைபோகாத மரங்களை அப்புறப்படுத்தினால் விலையுள்ள மரமும் போய்விடும்.

ஆகவே சந்தனத்தைக் காப்பது என்றால் புதரையும் சேர்த்துக் காப்பது. கருநாவல் நிறத்தில் பழுக்கும் கனியைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று, விதையைப் புதருக்குள் போடும். முளைக்கும் கன்றை மாட்டின் வாயிலிருந்து மறைப்பதும் அந்தப் புதர்தான், நீர் கொடுப்பதும் அதுதான். ஒரு கோடைத்தீ இரண்டையும் முடித்துவிடும். மறையூரில் வேலியும் காவலும் திருடனைத் தடுக்கத்தான். என்றாலும் தீத்தடுப்புக்கோடு அவற்றுக்குக் குறைந்ததல்ல என்பேன். பட்டுப்போன மரங்களும் காற்றிலோ யானையாலோ சாய்ந்தவையும் மறையூர்க் கிடங்குக்கு வந்து ஏலத்தில் விற்பனையாகின்றன. பச்சைமரத்தைத் தொடாமல் காட்டிலிருந்து வருமானம் பார்க்கும் ஏற்பாடு இது.

வேலி தடுக்க முடியாதது ஒன்று உண்டு: கூர்நோய். குடகில் 1899இல் முதலில் பதிவான இந்நோய் தாக்கினால் இலைகள் சிறுத்து விறைத்து நிற்கும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். மறையூரிலும் அது நுழைந்துவிட்டது. மருந்து கிடையாது.

காட்டின்மேல் விழும் சுமையைக் குறைக்கத் தனியார் நிலத்தில் சந்தனம் பெருக வேண்டும். ஆனால் மைசூர் அரசில் திப்பு காலத்திலிருந்தே சந்தனம் அரசுக்குச் சொந்தமான மரம். பட்டா நிலத்தில் முளைத்தாலும் உரியவருக்குத் தொல்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டத்தைத் தளர்த்திய பிறகு பலர் நடுகிறார்கள். துணைக்குத் துவரை, பிறகு சவுக்கு. நாலைந்து ஆண்டில் சவுக்குக்கு நல்ல விலை வரும்; ஒரே வீச்சில் வெட்டி விற்கக் கை துறுதுறுக்கும். அப்படி வெட்டினால் சந்தனம் பற்றியிருக்கும் வேர்களும் கூடவே செத்துப்போகும். வெட்டுவதற்கு முன்பே அடுத்த துணைமரம் வேர்பிடித்திருக்க வேண்டும்.