மின்னேற்றத்தை நகர்த்தும் வேலை

விசையையும் அதன் திசையிற் சென்ற தூரத்தையும் பெருக்கி வருந் தொகையே வேலையென்று பௌதிகத்தின் தொடக்கத்திற் கற்கின்றோம். மின்னியலுக்கு வந்த பின்னரும் இச்சூத்திரத்தையே எடுத்தாண்டு இடர்ப்படும் மாணவர் பலர். விசை இடத்துக்கிடம் மாறுபடுங்கால் எவ்விசையைக் கொண்டு பெருக்குவது?

60 செண்டிமீட்டர் இடைவெளியில் அ, ஆ என்னும் இரு நேர் மின்னேற்றங்கள் அசையாது நிற்பனவாகக் கொள்க. முன்னது 4 மைக்ரோகூலம்; பின்னது 1 மைக்ரோகூலம். இவற்றை இணைக்குங் கோட்டின்மேல், அ-விலிருந்து 40, ஆ-விலிருந்து 20 செண்டிமீட்டரில், 1 மைக்ரோகூலமுள்ள மூன்றாவது நேர் மின்னேற்றமொன்றை வைப்போமாயின், 1785-இல் கூலம் வெளியிட்ட விதிப்படி இரு தள்ளுதல்களுஞ் சமமாகி, அதன்மேல் விசையே இல்லாதொழியும். அங்கிருந்து அதனை ஆ-வை நோக்கி 10 செண்டிமீட்டர் மெல்ல நகர்த்துவோம். தொடக்க விசையாற் பெருக்கினால் வேலை பூஜ்யம், முடிவிலுள்ள 0.756 நியூட்டனாற் பெருக்கினால் 0.0756 ஜூல், இரண்டின் சராசரியாற் பெருக்கினால் 0.0378 ஜூல். மூன்றும் பிழை.

நேர்வழி அழுத்தத்தைக் கணித்தலேயாம். மின்னேற்றத்தைக் கூலத்திலும் தூரத்தை மீட்டரிலுங் கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்து, 900 கோடியாற் பெருக்க அழுத்தம் வோல்ட்டில் வரும். அழுத்தத்துக்குத் திசையில்லை, ஆதலின் வெறுங் கூட்டலே போதும். முதலிடத்தில் 90,000-உம் 45,000-உங் கூடி 1,35,000 வோல்ட். இறுதியிடத்தில் 72,000-உம் 90,000-உங் கூடி 1,62,000 வோல்ட். வேற்றுமை 27,000. அதனை 1 மைக்ரோகூலத்தாற் பெருக்க, வேலை 0.027 ஜூல். நேரே சென்றாலென், வளைந்து சென்றாலென், விடை மாறாது.

விசையற்ற இடத்தில் அழுத்தமும் அற்றுப்போமென்று எண்ணுவாருமுளர். மேற்சொன்ன முதலிடத்தில் விசையில்லை. எனினும் நெடுந்தொலைவிலிருந்து மின்னேற்றத்தை அங்குக் கொணர 0.135 ஜூல் வேலை செய்திருத்தல் வேண்டும். ஏறி நின்ற மேட்டின் தலை சமதளமாயிருப்பதனால், ஏறிய உயரம் இல்லையென்றாகுமோ?

இக்கருத்துக்குப் பெயரிட்டு விரித்துரைத்தவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரையடுத்து மாவரைக்குங் காற்றாலையிற் பணிசெய்த ஜார்ஜ் கிரீன். பள்ளியிற் சின்னாட்களே பயின்ற அவர் 1828-இல் வெளியிட்ட நூலைக் கற்றோர் மிகச் சிலர். அவர் இறந்து நான்காண்டு கழிந்து, 1845-இல் வில்லியம் தாம்ஸன் கையில் அது கிடைத்த பின்னரே உலகறிந்தது.

இனி, ஆ எதிர் மின்னேற்றமாயின், அதன் பங்கைக் கழித்துக்கொள்க. முதலிடத்தில் 45,000 வோல்ட். இறுதியிடத்தில் 18,000 வோல்ட் பூஜ்யத்துக்குக் கீழ். விடை 0.063 ஜூல், கழித்தற் குறியுடன். அஃதாவது மின்னேற்றம் தானே ஓடும், நாம் பிடித்து நிறுத்தியே செல்லவேண்டும்.